மலைச் சைக்கிளுக்கு எவ்வளவு நீளமான ஃபோர்க்? ஃபிரேம்தான் முடிவு செய்யும்

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள சிறிய சைக்கிள் கடைக்கு, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை என் மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். முன்பக்கத்தில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். பேரிங்கில் மண் புகுந்திருக்கும், கிரீஸ் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

கடைக்கார அண்ணன் பேரிங்கைத் தொடவே இல்லை. ஈரத்துணியால் ஃபிரேமின் முன்பகுதியைத் துடைத்துவிட்டு, கைப்பேசி விளக்கை அதன்மீது காட்டினார். ஹேண்டல்பாருக்குக் கீழே, முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில், பற்றவைப்பின் ஓரமாக முடியளவு மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அது சாயத்தில் விழுந்த கீறல் அன்று. உலோகத்தில் விழுந்த விரிசல்.

அடுத்து அவர் கேட்டது, இந்த ஃபோர்க் சைக்கிளோடு வந்ததா என்பதுதான். வரவில்லை. ஆறு மாதங்களுக்கு முன்பு இணையத்தில் பழைய பொருள் விற்ற ஒருவரிடம் வாங்கிப் பொருத்தியது. சைக்கிளோடு வந்த ஃபோர்க் 100 மி.மீ. அமுங்கும். நான் வாங்கியது 140 மி.மீ. அமுங்கும். நாற்பது மி.மீ. கூடினால் அந்த அளவுக்கு அதிர்வு குறையும் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். பழைய ஃபிரேமும் பழைய ஃபோர்க்கும் எளிதில் கைமாறும் சிங்கப்பூரில் இதே தவற்றை இன்னும் பலர் செய்யக்கூடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

டிராவல் என்பது என்ன?

தமிழில் இரண்டாகப் பிரியும் கிளையைக் ‘கவை’ என்போம். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் கவைதான் ஃபோர்க். சாதாரண சைக்கிளில் அது அசையாத ஒரே அமைப்பு. மலைச் சைக்கிளிலோ, ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. உள்ளே இருக்கும் காற்றோ சுருள்வில்லோ அடியைத் தாங்கும். எண்ணெயில் இயங்கும் மற்றோர் உறுப்பு, அமுங்கிய கால் துள்ளி எழாமல் நிதானமாகத் திரும்பும்படி பார்த்துக்கொள்ளும்.

முழுதாக நீண்டிருக்கும் நிலையிலிருந்து முழுதாக அமுங்கும்வரை அந்தக் கால் செல்லும் தூரமே ‘டிராவல்’. விளம்பரங்களில் 100, 120, 140 என்று போடுவது இந்த அளவைத்தான்.

மலைச் சைக்கிள் பிறந்தபோது இது எதுவும் கிடையாது. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமல்பாய்ஸ் மலைச்சரிவுகளில் பழைய கனமான சைக்கிள்களை ஓட்டி விளையாடிய இளையர்கள்தான் இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தார்கள். அவர்களுடைய ஃபோர்க்குகள் அசையாதவை. 1990ல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலக மலைச் சைக்கிள் வெற்றியாளர் போட்டி நடந்தது. அதில் சரிவோட்டப் பிரிவில் வென்ற கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஃபோர்க் இருந்தது. அந்த நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1, ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே அமுங்கும்.

இன்றைக்குக் குறுக்குநாட்டு ஓட்டத்துக்கு 100 முதல் 120 மி.மீ., பொதுவான காட்டுப்பாதைகளுக்கு 120 முதல் 150 மி.மீ., கரடுமுரடான நீண்ட சரிவுகளுக்கு 150 முதல் 180 மி.மீ., சரிவோட்டப் போட்டிக்கு 200 மி.மீ. என்று வகைகள் பிரிந்துவிட்டன. பெரிய எண் என்றால் உயர்ந்த தரம் என்ற எண்ணம் இந்த வரிசையைப் பார்ப்பதால் வருகிறது. உண்மையில் இது தர வரிசை அன்று, பயன்பாட்டு வரிசை. ஒவ்வொரு வகைக்கும் அதற்கேற்ற ஃபிரேம் தனியாக வடிவமைக்கப்படுகிறது.

பார்க்க வேண்டிய அளவு

ஃபிரேமைப் பொறுத்தவரை ஃபோர்க் எவ்வளவு அமுங்கும் என்பது இரண்டாவது கேள்விதான். ஃபோர்க் எவ்வளவு உயரம் என்பதே முதல் கேள்வி.

சக்கர அச்சின் நடுவிலிருந்து, ஃபோர்க்கின் தலைப்பகுதியில் கீழ்ப் பேரிங்கின் வளையம் உட்காரும் இடம்வரை உள்ள நீளத்தை அளக்க வேண்டும். ஃபோர்க்கின் மீது எடை இல்லாமல், அது முழுதாக நீண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை ‘ஆக்ஸில் டு கிரவுன்’ என்பார்கள். தமிழில் ‘அச்சு முதல் தலை வரை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

டிராவல் கூடினால் இந்த நீளமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். அமுங்குவதற்கு 40 மி.மீ. கூடுதல் இடம் வேண்டுமென்றால், கால் 40 மி.மீ. நீண்டாக வேண்டும். ஆகவே என் சைக்கிளின் முன்பக்கம் 40 மி.மீ. மேலே தூக்கப்பட்டது. நாற்காலியின் முன்கால்களுக்கு மட்டும் கட்டை வைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் நடந்தது.

ஒரே டிராவல் உடைய இரண்டு ஃபோர்க்குகள் ஒரே உயரமாகவும் இருப்பதில்லை. 26 அங்குலச் சக்கரத்துக்கான 100 மி.மீ. ஃபோர்க் ஏறத்தாழ 47 செ.மீ. நீளம் இருக்கும். 29 அங்குலச் சக்கரத்துக்கான 100 மி.மீ. ஃபோர்க் 50 முதல் 51 செ.மீ. வரை போகும். இரண்டிலும் 100 என்றுதான் எழுதியிருக்கும். பழைய 26 அங்குல ஃபிரேமில் 29 அங்குல ஃபோர்க்கைப் பொருத்துபவர், டிராவலை மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டே முன்பக்கத்தை 3 செ.மீ.க்கு மேல் தூக்கிவிடுகிறார். சக்கரத்தையும் 29க்கு மாற்றினால், அதன் ஆரம் கூடுவதால் இன்னொரு 3 செ.மீ. சேரும்.

இரண்டு பாகை செய்யும் வேலை

முன்பக்கம் உயரும்போது முழு ஃபிரேமும் பின்சக்கர அச்சை மையமாக வைத்துப் பின்னோக்கிச் சாய்கிறது. கணக்கு எளியது. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1,100 மி.மீ. இடைவெளி உள்ள சைக்கிளில் 20 மி.மீ. நீளமான ஃபோர்க்கைப் போட்டால், ஃபிரேம் ஏறத்தாழ 1 பாகை சாயும். 40 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 2 பாகை சாயும். மிதிகள் சுழலும் அச்சு சுமார் 15 மி.மீ. உயரும்.

இரண்டு பாகை காகிதத்தில் சிறியதாகத் தெரிந்தாலும் சைக்கிளில் அப்படி இல்லை. திசைதிருப்பும் குழாய் 69 பாகையிலிருந்து 67க்குச் சாய்ந்தால், முன்சக்கரம் ஓட்டுநரை விட்டு முன்னே தள்ளிப்போகும். செங்குத்தான சரிவில் வேகமாக இறங்கும்போது அது நிதானத்தைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவாக ஏறும்போது சக்கரம் நேராக நிற்காமல் இடமும் வலமும் அலையும். குறுகிய வளைவில் திருப்புவதற்குக் கூடுதல் முயற்சி தேவைப்படும்.

இருக்கையைத் தாங்கும் குழாயும் அதே இரண்டு பாகை பின்னே சாய்கிறது. உடலின் எடை பின்சக்கரத்தின் பக்கம் போகிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் எடை குறைந்து மண்ணை விட்டு எழப் பார்க்கும். மிதியச்சு உயர்ந்துவிட்டதால் வளைவுகளில் சைக்கிள் முன்பைவிட நிலையற்றதாகத் தோன்றும்.

புக்கிட் தீமா பாதையின் குறுகிய ஏற்றங்களில் இவை அத்தனையையும் நான் உணர்ந்தேன். என் உடற்தகுதி குறைந்துவிட்டது என்று நினைத்து, மாடிப்படி ஏறிப் பயிற்சி செய்தேன்.

விரிசல் எப்படி வருகிறது?

ஓட்டும் சுகம் குறைவது ஒரு பக்கம். பாதுகாப்புதான் பெரிய கவலை.

முன்சக்கரம் ஒரு வேரில் மோதும்போது அந்த விசை அச்சைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஃபோர்க் ஒரு நெம்புகோலாக மாறி, அந்தத் தள்ளலை முன்குழாய்க்குக் கொண்டுபோகிறது. நெம்புகோல் நீண்டால் அதே அடி பெரிய முறுக்காக வந்து சேரும். 506 மி.மீ. நீள ஃபோர்க் 546 மி.மீ. ஆனால், முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் பற்றவைப்பில் விழும் வளைவு விசை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும்.

எட்டு விழுக்காடுதானே என்று விட்டுவிட முடியாது. ஃபிரேம் பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு அடிகளால் சோர்ந்து உடைகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதைப் போன்றது அது. உலோகச் சோர்வில், விசை சற்றுக் கூடினாலும் பாகத்தின் ஆயுள் அதைவிடப் பன்மடங்கு குறையும். மலைச் சைக்கிள் ஃபிரேம்களில் அதிகம் பயன்படும் அலுமினியத்துக்கு, எஃகுக்கு இருப்பதுபோல் ‘இதற்குக் கீழே எத்தனை முறை அடித்தாலும் ஒன்றும் ஆகாது’ என்ற தெளிவான எல்லையும் இல்லை.

இன்னொன்றும் சேர்கிறது. ஃபோர்க் அதிகம் அமுங்கும் என்ற நம்பிக்கையில் வேகமாக இறங்குகிறோம். முன்பு தயங்கிய மேட்டிலிருந்து குதிக்கிறோம். ஃபோர்க் 140 மி.மீ.க்குத் தகுதியானதாக இருக்கலாம். ஃபிரேமோ 100 மி.மீ. ஃபோர்க்கை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

என் ஃபிரேமில் விழுந்த விரிசலுக்கு நீளமான ஃபோர்க் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது பழைய ஃபிரேம்; முந்தைய உரிமையாளர் அதை எப்படி ஓட்டினார் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் நீளமான ஃபோர்க் அதிகம் வருத்தும் இடத்தில்தான் விரிசல் விழுந்திருந்தது. அந்த இடம் முழுதாக உடைந்தால் முன்சக்கரமும் ஹேண்டல்பாரும் ஃபிரேமை விட்டுப் பிரியும். ஓட்டுபவர் கையை ஊன்றுவதற்குக்கூட நேரம் இல்லாமல் முகம் தரையில் மோத விழுவார்.

நீளம் குறைந்தாலும் சிக்கல்

நீளம் ஆபத்து என்றால் குட்டையான ஃபோர்க்கைப் போடலாமே என்று தோன்றலாம். அதற்கும் விலை உண்டு. முன்பக்கம் தாழ்ந்து, திசைதிருப்பும் குழாய் நிமிர்ந்துவிடும். சரிவில் இறங்கும்போது ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலே தூக்கி எறியப்படுவதுபோல் உணர்வார். மிதிகள் தாழ்ந்து வேர்களிலும் கற்களிலும் இடிக்கும். சில ஃபிரேம்களில் ஃபோர்க் அமுங்கும்போது டயர் கீழ்க்குழாயில் உரசவும் வாய்ப்புண்டு.

ஆகவே சைக்கிளோடு வந்த ஃபோர்க்கின் நீளத்தை ஒட்டியே இருப்பதுதான் பாதுகாப்பானது. பல நிறுவனங்கள் ‘100 முதல் 120 வரை’, ‘120 முதல் 140 வரை’ என்று ஒரு வரம்பைத் தருகின்றன. அந்த வரம்புக்குள் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். வரம்பைத் தாண்டினால் ஃபிரேமின் உத்தரவாதம் செல்லாமல் போகக்கூடும். பின்பக்கமும் அமுங்கும் சைக்கிள்களில், முன்பக்க டிராவல் பொதுவாகப் பின்பக்கத்துக்குச் சமமாகவோ சுமார் 20 மி.மீ. வரை கூடுதலாகவோ இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக மாற்றினால் அந்தச் சமநிலை கெடும்.

சிங்கப்பூர்ப் பாதைகளுக்கு எவ்வளவு போதும்?

புக்கிட் தீமா மலைதான் நம் நாட்டின் ஆக உயரமான இயற்கை மேடு. அதன் உயரம் சுமார் 164 மீட்டர். அரை மணி நேரம் இடைவிடாமல் இறங்கும் சரிவு இங்கே எங்கும் கிடையாது. நம் பாதைகளில் வேர், கல், ஈரக் களிமண், குறுகிய ஏற்றம், குறுகிய இறக்கம் ஆகியவை மாறி மாறி வரும்.

செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டர் பரப்பில் அமைந்துள்ளது. அதன் தென்பகுதி 2015லும் வடபகுதி 2016லும் திறக்கப்பட்டன. அங்கே நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. சைக்கிள் பாதை 8.2 கிலோமீட்டர் நீளம். புலாவ் உபினில் 2008ல் திறக்கப்பட்ட கேத்தம் மலைச் சைக்கிள் பூங்காவின் பாதைகள் எளிது முதல் மிகக் கடினம் வரை குறியிடப்பட்டுள்ளன. சாங்கி முனையில் 12 பேர் ஏறும் படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்வருவது பலருக்கு வார இறுதி வழக்கம்.

2010ல் இங்கு நடந்த முதல் இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகளில் மலைச் சைக்கிள் போட்டி தெம்பனிஸ் பைக் பார்க்கில் இடம்பெற்றது. அந்த இடம் இப்போது சைக்கிளோட்டிகளிடம் இல்லை. மலைச் சைக்கிள் 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் உள்ளது. இந்த விளையாட்டின் உலகத் தர வீரர்கள் பாறைகள் நிறைந்த குறுக்குநாட்டுப் பாதைகளை இன்று பெரும்பாலும் 100 முதல் 120 மி.மீ. ஃபோர்க்குகளுடன்தான் ஓட்டுகிறார்கள்.

செஸ்ட்நட், புக்கிட் தீமா பாதைகளுக்கும் கேத்தமின் எளிய, நடுத்தரப் பாதைகளுக்கும் 100 முதல் 130 மி.மீ. தாராளமாகப் போதும். கேத்தமின் ஆகக் கடினமான பகுதிகளில் குதித்து இறங்குபவர்கள் 140, 150 வேண்டும் என்று நினைத்தால், அதற்கென்று வடிவமைத்த ஃபிரேமையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய ரயில் பாதையை ஒட்டிய 24 கிலோமீட்டர் ரயில் காரிடாரில் ஓட்டுவதற்கும் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் அமுங்கும் ஃபோர்க்கே தேவையில்லை. சற்று அகலமான டயர் போதும்.

உங்கள் ஃபிரேமின் எண்ணைக் கண்டுபிடிப்பது

முதலில் சைக்கிளின் நிறுவனம், மாடல், தயாரிப்பு ஆண்டு மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பெயருள்ள மாடலின் ஃபிரேம்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். பெரும்பாலான நிறுவனங்கள் பழைய ஆண்டுகளின் விவரப் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் சைக்கிளோடு வந்த ஃபோர்க்கின் மாடலும் டிராவலும் இருக்கும். சில பட்டியல்களில் ‘அச்சு முதல் தலை வரை’ நீளமும் இருக்கும்.

ஃபிரேமிலோ கையேட்டிலோ 1 முதல் 5 வரை ஒரு பயன்பாட்டு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1 என்றால் தார்ச்சாலை மட்டும். 2 என்றால் சரளைப் பாதையும், 15 செ.மீ. வரையிலான சிறு இறக்கமும். 3 என்றால் கரடுமுரடான பாதையும், சுமார் 60 செ.மீ. வரையிலான குதிப்பும். 4 என்றால் சுமார் 120 செ.மீ. வரை. 5 என்றால் அதற்கு மேற்பட்ட தீவிர ஓட்டம். மலைச் சைக்கிள் போன்ற தோற்றம் கொண்ட மலிவு சைக்கிள்கள் சிலவற்றில், காட்டுப்பாதையில் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கையே ஒட்டப்பட்டிருக்கும். வாங்கும் அன்று அதை யாரும் படிப்பதில்லை.

பட்டியல் கிடைக்காவிட்டால், இப்போது இருக்கும் ஃபோர்க்கைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கை முழுதாக நீளவிட்டு, அச்சின் நடுவிலிருந்து தலைப்பகுதியின் பேரிங் வளையம்வரை, காலுக்கு இணையாக அளவுநாடாவைப் பிடிக்க வேண்டும். அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஃபோர்க் அதிலிருந்து 10 மி.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. 20 மி.மீ. கூடுதல் என்றால் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள்.

பழைய ஃபோர்க் வாங்கும்போது

லிட்டில் இந்தியாவுக்கு அருகே இருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, பழைய பொருள் வியாபாரம் பெரும்பாலும் கைப்பேசிக்குள் போய்விட்டது. எம்ஆர்டி நிலைய வாசலில் ஐந்து நிமிடச் சந்திப்பில் ஃபோர்க் கைமாறுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நீளத்தைத் தவிர இன்னும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஃபோர்க்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். பழைய ஃபோர்க்குகளில் அது மேலிருந்து கீழ்வரை ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 28.6 மி.மீ. தடிமனாக இருக்கும். புதியவற்றில் கீழ்ப்பகுதி ஒன்றரை அங்குலமாக விரியும். விரிந்த குழாய் பழைய ஒடுங்கிய முன்குழாய்க்குள் நுழையாது. நேரான குழாயை விரிந்த ஃபிரேமில் பொருத்த மாற்று வளையங்கள் கிடைக்கின்றன. முன்குழாய்க்கு வெளியே நிற்கும் கீழ்ப் பேரிங் கிண்ணத்தைப் போட்டால் அதுவே 10 மி.மீ.க்கு மேல் உயரத்தைக் கூட்டும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழாய் மிகக் குட்டையாக வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

இரண்டாவது, சக்கர அளவும் அச்சும். 26, 27.5, 29 அங்குலச் சக்கரங்களுக்கு ஃபோர்க் வேறு வேறு. பழைய அச்சு 9 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. அகலமும் கொண்டது. புதியவை 15 மி.மீ. தடிமன், 100 அல்லது 110 மி.மீ. அகலம். பொருந்தாவிட்டால் சக்கரத்தின் ஹப்பையும் மாற்ற வேண்டிவரும். மலிவாகக் கிடைத்த ஃபோர்க் அங்கே விலை கூடிவிடும்.

மூன்றாவது, பிரேக். உங்களிடம் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் இருந்து, ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக்குக்கான இடம் மட்டுமே இருந்தால் முன்பிரேக்கே இல்லாமல் போகும்.

நான்காவது, பளபளப்பான உள்குழாய்கள். விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். நம் ஈரக் காற்றில், நீண்ட நாள் நடைபாதையில் நின்ற சைக்கிளின் ஃபோர்க்கில் துரு இருப்பது வழக்கம்.

பொருத்திய பிறகு ஒரு சோதனை உண்டு. ஹேண்டல்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஃபோர்க்கின் தலையில் உள்ள திருகுகள் கீழ்க்குழாயில் இடிக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு காற்றை வெளியேற்றி ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, டயர் எங்கும் தொடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தினால்

நான் 140 மி.மீ. ஃபோர்க்கைத் தேடியதற்குக் காரணம், பழைய 100 மி.மீ. ஃபோர்க் கையை உலுக்கியதுதான். அதற்கு வேறொரு காரணம் இருந்தது என்று பின்னர்தான் தெரிந்தது. என் எடைக்கு வேண்டியதைவிட அதிகக் காற்றை அதில் அடைத்து வைத்திருந்தேன். 100 மி.மீ. இருந்தும் பாதியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

சரிபார்ப்பது எளிது. ஃபோர்க்கின் உள்குழாயில் ரப்பர் வளையம் இருக்கும். இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைச் சுற்றுங்கள். தலைக்கவசம், பை, தண்ணீர்ப் போத்தலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் அமருங்கள். வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, துள்ளாமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். குறுக்குநாட்டு ஓட்டத்துக்கு டிராவலில் 15 முதல் 20 விழுக்காடு, பொதுவான காட்டுப்பாதைக்கு 20 முதல் 30 விழுக்காடு சரியான அளவு. 100 மி.மீ. ஃபோர்க் என்றால் ஏறத்தாழ 20 மி.மீ. அமுங்க வேண்டும். குறைந்தால் காற்றை இறக்குங்கள்; கூடினால் ஏற்றுங்கள். இதற்கென்று சிறிய கைப்பம்பு விற்கிறது. கார் டயருக்குக் காற்றடிக்கும் கருவியைப் பயன்படுத்தக்கூடாது.

கையில் இருக்கும் நீளமான ஃபோர்க்கைக் குட்டையாக்கவும் வழியுண்டு. பல ஃபோர்க்குகளில் உள்ளே உள்ள காற்றுத் தண்டை மாற்றியோ, தடுப்புத் துண்டுகளைச் சேர்த்தோ டிராவலைக் குறைக்கலாம். வெளி நீளமும் அதே அளவு குறையும். எல்லா மாடல்களிலும் இது முடியாது. அனுபவமுள்ள கடையில் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைச் சுற்றிவந்தால், கம்பிகளில் பூட்டி நிற்கும் சைக்கிள்களில் பல மலைச் சைக்கிள் வடிவில் இருப்பதைப் பார்க்கலாம். தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்கும், அங்கிருந்து கடைத்தெருவுக்கும் வெளிநாட்டு ஊழியர்களைக் கொண்டுபோகும் சைக்கிள்கள் அவை. அவற்றில் பல கைமாறி வந்தவை. முன்பக்கத்தில் துருப்பிடித்த சுருள்வில் ஃபோர்க் இருக்கும். சில அமுங்கவே அமுங்காது.

அப்படிப்பட்ட ஃபோர்க் ஆடினால், இன்னொரு பழைய ஷாக்கைத் தேடி அலைய வேண்டாம். அதே நீளமுள்ள, அசையாத எஃகு ஃபோர்க்கே சாலைக்குச் சிறந்தது. எடை குறைவு, பழுதாக அதில் ஒன்றும் இல்லை, மிதிக்கும் சக்தியும் வீணாகாது. ஆனால் அங்கும் நீளம் முக்கியம். சாலைச் சைக்கிளின் குட்டையான ஃபோர்க்கை மலைச் சைக்கிள் ஃபிரேமில் போட்டால் முன்பக்கம் கவிழும். அமுங்கும் ஃபோர்க்குக்காகச் செய்த ஃபிரேமில் பொருத்தவென்றே நீளமாகச் செய்த அசையாத ஃபோர்க்குகள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். எடை குறைந்த பிள்ளைக்கு மலிவான, கடினமான சுருள்வில் ஃபோர்க் அமுங்கப்போவதே இல்லை. அது சைக்கிளுக்குச் சுமையாக மட்டுமே இருக்கும்.

மாதம் ஒரு முறை

கடைக்கார அண்ணன் சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை ஃபிரேமைத் துடைத்துவிட்டு, முன்குழாயில் மற்ற குழாய்கள் சேரும் இடங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயத்தில் கோடு, குமிழ், துருக்கறை, புதிதாக வரும் ‘டிக்’ சத்தம் ஆகியவை எச்சரிக்கைகள். கோடு இருந்தால் அதன் முனைகளைப் பேனாவால் குறித்து வைத்து, கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

என் ஃபிரேமைப் பற்றவைத்துத் தரும்படி கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். அலுமினியத்தை மீண்டும் பற்றவைத்தால் சுற்றியுள்ள பகுதி வெப்பத்தால் பலவீனமாகும். பிறகு முழு ஃபிரேமையும் வெப்பப் பதப்படுத்த வேண்டும். சிறிய கடையில் நடக்கிற வேலை அன்று. ஃபிரேம் பழைய உலோகத்துக்குப் போனது.

இப்போது வேறொரு பழைய ஃபிரேம் வாங்கியிருக்கிறேன். அதன் வரம்பு 100 முதல் 120 மி.மீ. வரை. வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். என் பழைய 100 மி.மீ. ஃபோர்க் அதில் பொருந்தியது. காற்றையும் சரியாக வைத்தேன். செஸ்ட்நட் வேர்கள் முன்போல் கையை உலுக்குவதில்லை.

அந்த 140 மி.மீ. ஃபோர்க்கை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். விளம்பரத்தில் டிராவலோடு ‘அச்சு முதல் தலை வரை’ நீளத்தையும் எழுதி, 140 மி.மீ.க்கு ஏற்ற ஃபிரேம் வைத்திருப்பவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும் என்று சேர்த்திருக்கிறேன். இதுவரை மூவர் கேட்டார்கள். ஃபிரேமின் வரம்பு என்ன என்று திருப்பிக் கேட்டேன். இருவருக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.